பிஸ்கட் டின்னுக்குள் போனை வைத்த சாரதி

தலைமை ஏற்றிருக்கும் பள்ளிக்கூட அதிபர் பரமலிங்கம் ஐயா அவர்களே! டவுனிலிருந்து இந்த மழையில் ஏறி வந்திருக்கும் போக்குவரத்துப் பொலிஸ் சார்ஜன்ட் ஐயா அவர்களே! தோட்டக் கமிட்டித் தலைவர் அவர்களே! புருஷன் நல்லமுத்துவைப் பறிகொடுத்துவிட்டும் முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் தங்கச்சி ஜீவராணி! ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து மக்களே, கீழ் லயத்து மக்களே! எல்லோருக்கும் இந்தக் காளியாயியின் கும்பிடு.

பின் வரிசையில், கதவோரம், இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகக் கிடக்க, முந்தானையைப் போர்த்திக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கும் மீனம்மா! உனக்கும் என் கும்பிடு.

யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். முப்பது நாளாக மீனம்மாவுக்கு இந்தத் தோட்டத்தில் ஒருவரும் கும்பிடு சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முதலில் வாய் திறந்தவள் நான். அவள் மகன் லோஜன் ஓட்டி வந்த பள்ளிக்கூட வான்தான் நம் பஸ் சாரதி நல்லமுத்துவின் உயிரைக் கொண்டுபோனது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டினான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் அவன் வழக்கு. அந்த போனைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். மேடையை விட்டு இறங்குவதற்குள் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இறங்கப் பார்த்தால், சார்ஜன்ட் ஐயா, வழியை மறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் நல்லமுத்துவைப் பற்றிப் பேச வேண்டும். அவரைப் பற்றிச் சரியாகச் சொன்னால்தான் இது விளங்கும்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் யார் எனக்கு என்ன செய்தார்கள், எந்தக் கிழமை செய்தார்கள், அன்று மழையா வெயிலா என்று கேட்டால் சொல்வேன். முப்பத்தேழு வருஷத்துக்கு முன் என் தேயிலை நிரையில் புகுந்து கொழுந்தைக் கிள்ளியவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயரைச் சொல்லமாட்டேன். அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான், நல்லமுத்துவிடம் ஒன்பது வருஷம் பேசவில்லை. இந்தத் தோட்டத்திலேயே அவரை அதிகமாகத் திட்டியவள் அவருக்கு இரங்கல் உரை சொல்லலாமா என்று சிலர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. சரியான கேள்வி. அந்தக் கேள்வியை ஜீவராணியிடம் கொண்டுபோய்க் கேட்டவளும் நான்தான். அவள் சொன்னாள்:

“அக்கா, அவரைப் புகழுறதுக்கு ஆளு நெறைய இருக்கு. அவரு கூட கணக்கு வச்சிருந்தது நீங்கதான். நீங்க பேசுங்க.”

அதனால் பேசுகிறேன்.

மேடையில், மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. பார்த்தீர்களா? மூடியில் பிள்ளையார் படம் ஒட்டிய, ஓரம் துருப்பிடித்த டின். ஊசிமலையிலிருந்து வட்டகொடை வழியாகத் தலவாக்கலைக்குப் போகும் ஒரே ஒரு பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டிய மனிதரின் சொத்து இது. போன் வாங்கிய நாளிலிருந்து, தினமும் சீட்டில் ஏறுவதற்கு முன் போனை இதற்குள் போடுவார். மூடியை அழுத்துவார். முன் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் மடியில் வைப்பார்.

“புடிங்க. உள்ள பேயி இருக்கு. எறங்குற வரைக்கும் தொறந்துறாதீங்க.”

எத்தனை பேர் மடியில் அந்தப் பேய் உட்கார்ந்திருக்கிறது! கைகளைத் தூக்குங்கள் பார்ப்போம். அடேயப்பா! அதிபர் ஐயாவும் கை தூக்குகிறார். தூக்காதவள் நான் ஒருத்திதான்.

இந்தத் தோட்டத்தில் நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பஸ்காரர் நம்பர், வான்காரர் நம்பர், கொழுந்து லொறிக்காரர் நம்பர், மூன்றும் கொழுந்து மடுவத்துச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறது. நாள் முழுதும் கொழுந்து நிறுக்கிற இடத்தில், கண்ணுக்கு நேராக. மழை தூறினால் போதும். “பஸ்ஸு எங்க வருது?” “வான் முடக்குத் திரும்பிருச்சா?” “இன்னும் எவ்வளவு நேரம்?” பத்து நிமிஷம் ரோட்டில் நிற்கக்கூடாது நமக்கு. அட்டைக்கடியில் எட்டு மணி நேரம் மலையில் நிற்பவர்கள், பஸ் ஹோல்டிங் பிளேஸில் பத்து நிமிஷம் நிற்கமாட்டோம்! வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் கியரும் பிடித்திருக்கிற மனிதனைக் கூப்பிட்டு, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறோம். எங்கே இருப்பான்? சாவுக்குப் பக்கத்தில் இருப்பான். வேறெங்கே இருப்பான்?

நல்லமுத்து எடுக்கமாட்டார். அடித்து அடித்து ஓயும். அதற்குப் பதிலாக அவர் செய்தது என்ன? மேலே ஏறி வரும்போது மூன்றாம் முடக்கு வளைவில் இரண்டு நீளமான ஹோர்ன். அது கேட்டால் பஸ் வர இன்னும் பத்து நிமிஷம் என்று அர்த்தம். ஆள் நிறைந்து வந்தால் கூடவே ஒரு குட்டை ஹோர்ன். பனியில் ஒன்றுமே தெரியாத காலையிலும் அந்தச் சத்தம் மேல் லயத்து வீடுகள் வரைக்கும் ஏறி வரும். போனை எடுக்காத மனிதர் முழுத் தோட்டத்துக்கும் தினமும் இப்படித்தான் பதில் சொன்னார். நாம்தான் காதை விட்டுவிட்டு நம்பரைத் தேடினோம்.

பஸ் முதலாளி ஒருமுறை வட்டகொடை ஸ்டேஷன் முன்னால் வைத்து இவரைப் பிடித்துக்கொண்டார். அன்று நான் வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். இவர் பஸ்ஸில் ஏறாத காலம் அது. ஆனாலும் காது கேட்கும் தூரத்தில்தான் நின்றேன்.

“நல்லமுத்து, நா எத்தன தடவ அடிக்கிறது? எடுக்கவே மாட்டியா? ஒனக்கு எதுக்குய்யா போனு?”

“பொண்டாட்டிகிட்ட பேசுறதுக்கு, மொதலாளி. வீட்டுக்குப் போனப்பொறகு.”

“வீட்டுக்குப் போனா அவ பக்கத்துலதானே இருப்பா?”

“அதான் மொதலாளி, பில்லே வர்றதில்ல.”

கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரிடம் கோபமாக இருந்தேனே!

பிறகு முதலாளி காதில் மாட்டிப் பேசுகிற கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தாராம். கையில் பிடித்துப் பேசினால்தானே சட்டப்படி குற்றம், தண்டம் போடுவார்கள், லைசன்ஸுக்கு ஆபத்து. இதை மாட்டிக்கொண்டு பேசு என்றாராம். கண்டக்டர் அழகன் சொன்னது இது. நல்லமுத்து அதைச் சுற்றி வந்த கடதாசியோடே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“சட்டம் கையத்தான் புடிக்குது மொதலாளி. பேசுறப்ப மனசு எங்க போவுதுன்னு எந்தப் பொலிஸு பாப்பாங்க? அத நாந்தான் பாத்துக்கணும்.”

சார்ஜன்ட் ஐயா, நீங்கள் தலையாட்டுகிறீர்கள். சட்டம் படித்த உங்களுக்கும் தோன்றாததா இது? ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு சாரதி, சட்டம் நிற்கிற இடத்தையும் தாண்டி, தனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாரே!

அவருக்கு முதல் பேரப்பிள்ளை பிறந்த நாளை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நாற்பது பேர். ஏழாம் முடக்கிலிருந்து டின் அலறுகிறது. மகள் ஆஸ்பத்திரியில் இருப்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். “அண்ணே, எடுங்கண்ணே, புள்ள பொறந்திருக்கும்!” என்று பஸ்ஸே கத்துகிறது. இவர் கண் ரோட்டை விட்டு அசையவில்லை.

“பொறந்த புள்ள எங்கயும் ஓடிப்போயிறாது. உக்காருங்க எல்லாரும்.”

வட்டகொடை வந்தது. பஸ்ஸை ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக் போட்டார். அழகன் இறங்கி டயருக்குக் கல் வைத்தான். அதற்குப் பிறகுதான் டின்னைத் திறந்தார். ரோட்டோரத்தில் நின்று போனைக் காதில் வைத்தவர் அப்படியே குந்திவிட்டாராம். பிறகு கடைக்குப் போய் டொஃபி வாங்கி வந்து பஸ்ஸுக்கே கொடுத்தார். நாற்பது பேரும் வாயில் டொஃபியோடு தலவாக்கலையில் போய் இறங்கினார்கள்.

இப்படிப்பட்ட மனிதரை நான் ஏன் திட்டினேன்?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி. மலை முழுக்கப் பனி. என் வீட்டுக்காரர் மாயாண்டிக்கு மூச்சு வாங்கியது. பஸ் அப்போதுதான் கீழே இறங்கிப் போயிருந்தது. நான் நல்லமுத்துவுக்கு அடித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கடைசியில் கொழுந்து லொறிக்காரரைக் கெஞ்சி, அவரை ஃபெக்டரி ரோட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வியாழக்கிழமை என் வீட்டுக்காரரைப் பிணமாகக் கொண்டுவந்தோம்.

எடுத்திருந்தால் பஸ் நின்றிருக்கும். நின்றிருந்தால் அவர் பிழைத்திருப்பார். இப்படித்தான் என் மண்டைக்குள் எழுதிக்கொண்டேன். எழவுக்கு வந்த நல்லமுத்துவை வாசலிலேயே மறித்தேன்.

“போனை எடுக்காத மனுசன் பொணத்தப் பாக்க எதுக்குய்யா வந்த?”

வெளியே போய், லயத்துக் கடைசி வீட்டுச் சுவரோரம் நின்றார். பாடை கிளம்பும்போது பின்னால் வந்து, சுடுகாடு வரைக்கும் நடந்தார்.

அன்றைக்குப் பிறகு நான் அவர் பஸ்ஸில் ஏறவில்லை. கிளினிக்குக்கும் நடந்துதான் போவேன். மூன்று மைல். இனி நான் சொல்வதைக் கேளுங்கள். ஒவ்வொரு கிளினிக் நாளும் என் பக்கத்தில் வந்து பஸ் மெதுவாகும். முன் கதவு திறக்கும். நான் மலைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு கதவு மூடும், போய்விடும். இது ஒருநாளா, இரண்டு நாளா? ஒன்பது வருஷம்! மாதம் தவறாமல் ஒன்பது வருஷம் அந்தக் கதவு எனக்காகத் திறந்தது. நான் ஒருமுறைகூட ஏறவில்லை.

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதிபர் ஐயா கூப்பிட்டு நல்லமுத்து வந்து பேசினார். “எனக்கு அடிச்சாலும் பரவால்ல. நா எடுக்கமாட்டேன். வான் ஓட்டுற லோஜனுக்கு அடிக்காதீங்க. அவன் எளகின மனசுக்காரன், எடுத்துருவான்” என்றார். பின்னாலிருந்து நான் எழுந்தேன்.

“ஒருநாளும் எடுக்காத மகராசன், எடுக்குறவனுக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு!”

எல்லோரும் சிரித்தீர்கள். நன்றாகச் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் பேச்சை முடிக்கவில்லை. முடிக்கவிடாதவள் நான்.

அவர் இறந்த மூன்றாம் நாள் கண்டக்டர் அழகன் என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்.

“ஆத்தா, அண்ணே உசுரோட இருக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இனி சொல்லலாம்.”

அந்த ஆடிச் செவ்வாயில் நான் அடித்த நேரம், பஸ் ஏழாம் முடக்கில் பனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஐம்பத்திரண்டு பேர். அங்கே நிறுத்த இடமில்லை, திருப்ப இடமில்லை. வட்டகொடையில் நிறுத்தி, டின்னைத் திறந்து, என் நம்பரை மூன்று தடவை பார்த்ததும் உடனே திருப்பி அடித்திருக்கிறார். நான் எடுக்கவில்லை. லொறிக்காரரைத் தேடி ஓடிய நான், போனை அடுப்பங்கரையில் போட்டுவிட்டுப் போயிருந்தேன். அடித்தார், அடித்தார், எடுக்க ஆளில்லை. ஸ்டேஷனில் நின்ற ஆட்டோவைப் பிடித்து அழகனை மேலே அனுப்பினார். அழகன் வந்தபோது வீடு திறந்து கிடந்தது. லொறி ஃபெக்டரி ரோட்டால் போய்விட்டது.

“இத ஏண்டா அவரு எங்கிட்ட சொல்லல?” என்று அழகனைக் கேட்டேன்.

“நானும் கேட்டேன் ஆத்தா. ‘புருசனப் பறிகொடுத்த பொம்பள. திட்டுறதுக்கு அவங்களுக்கு ஒரு ஆளு வேணும்டா. அது நானா இருந்துட்டுப் போறேன்’னாரு.”

மக்களே! இந்த மலையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கங்காணி பார்த்தேன், துரை பார்த்தேன், ஓட்டுக் கேட்டு வந்த எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்தேன். ஒருத்தி தன்னைத் திட்டித் துக்கத்தைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று தன்னையே கொடுத்தவரை வேறு எங்கே பார்ப்பேன்? அவரைத் திட்டித் திட்டித்தான் நான் ஒன்பது வருஷம் நடமாடினேன். அது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது!

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பகல் இரண்டு மணி தாண்டியிருந்தது. தூறல். பஸ் நாற்பத்து நான்கு பேரோடு கீழே இறங்குகிறது. இடப் பக்கம் பள்ளம், வலப் பக்கம் மலை. ஏழாம் முடக்கு. கீழிருந்து லோஜனின் வான் பதினொரு பிள்ளைகளோடு ஏறி வருகிறது. ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன். முடக்கில் வளைக்க வேண்டிய வான் வளையாமல் நேராக வருகிறது, பஸ்ஸின் பக்கத்துக்கு. அதற்கு அந்தப் பக்கம் பள்ளம்.

நல்லமுத்துவுக்கு வழி இல்லாமல் இல்லை. வலப் பக்கம் ஒடித்து மலையில் மோதியிருந்தால் அவரும் பிழைத்திருப்பார், பஸ்ஸும் பிழைத்திருக்கும். ஆனால் வான் நேராகப் பள்ளத்தில் இறங்கியிருக்கும். அவர் ஒடிக்கவில்லை. பிரேக்கை மிதித்து, பஸ்ஸைப் பள்ளத்தின் ஓரத்தில் மதில் மாதிரி நிறுத்தினார். வான் அந்த மதிலில் மோதி நின்றது, அவர் உட்கார்ந்திருந்த மூலையில். ஸ்டியரிங் அவர் நெஞ்சை அழுத்திவிட்டது. சார்ஜன்ட் ஐயா டேப் பிடித்து அளந்தார். வான் மோதுவதற்கு முன்பே பஸ் நின்றுவிட்டது என்றார். ரோட்டில் கறுப்பாகக் கிடந்த டயர்க் கோட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஒடிக்காமல் நிற்க எப்படி முடிந்தது? அந்த நொடியில் அவர் கண் ரோட்டில் இருந்தது. மனசும் ரோட்டில் இருந்தது. இத்தனை வருஷமும் அந்த ஒரு நொடிக்காகவே போனை டின்னில் போட்டுவைத்தது போல!

அழகனிடம் அவர் கடைசியாகச் சொன்னது என்ன தெரியுமா? “அழகா, டயருக்குக் கல்லு வையி. வான்ல புள்ளைங்க இருக்கு, போயிப் பாரு.” அப்போதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டிருந்தார். அப்போதும் டின் மூடியே இருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியில் போய்ச் சேர்ந்தார்.

பதினொரு பிள்ளைகள். ஒன்றுக்குக் கை முறிந்தது, இரண்டுக்குத் தையல். பதினொன்றும் உயிரோடு இருக்கின்றன. அதில் ஒன்று என் பேத்தி சுதர்ஷினியின் மகள். முன் வரிசையில் நெற்றியில் தையல் தழும்போடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்.

இப்போது அந்த போன்.

லோஜனின் போனில் அந்தக் கடைசிப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஏழு பேர் அடித்திருக்கிறார்கள். ஏழும் நம் தோட்டத்து நம்பர். தூறல் விழுந்ததல்லவா! அடித்தவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். நான் பெயர் சொல்லப்போவதில்லை. முதல் ஆறு போனையும் லோஜன் எடுக்கவில்லை. ஏழாவதை எடுத்தான்.

அந்த ஏழாவது நான்.

சத்தம் போடாதீர்கள். முடிக்க விடுங்கள். ஒரு மனிதரை முடிக்கவிடாமல் செய்தது போதும்.

எதற்காக அடித்தேன்? சுதர்ஷினியின் மகளைக் கூட்டிவரக் குடையை எடுத்துக்கொண்டு இப்போதே இறங்கலாமா, இல்லை இன்னும் கொஞ்சம் அடுப்படியில் குளிர் காயலாமா என்று தெரிந்துகொள்ள. அவ்வளவுதான். “எங்கடா வர்ற?” என்றேன். “அம்மாயி, இந்தா ஏழாம் முடக்கு...” என்றான். பிறகு அந்தச் சத்தம். பிறகு பிள்ளைகளின் அலறல். என் காதுக்குள்தான் நடந்தது எல்லாம்.

ஆறு பேரை விட்டவன் என்னை ஏன் எடுத்தான்? யோசித்துப் பாருங்கள். நல்லமுத்து ஒரு போனை எடுக்காததற்கு நான் அவரை ஒன்பது வருஷம் என்ன பாடு படுத்தினேன் என்று பார்த்து வளர்ந்தவன் அவன். காளியாயி அடித்தால் எடுக்காமல் விடுவானா? என் வாய்க்குப் பயந்து எடுத்தான். பார்த்தீர்களா, நான் வைத்த வன்மம் எங்கே சுற்றி எங்கே போய் மோதியது! யார் எடுக்கவில்லை என்று வைத்தேனோ, அவர் நெஞ்சிலேயே போய் மோதியது.

சார்ஜன்ட் ஐயா நம்பரைப் பார்த்து என் வீட்டுக்கு வந்தார். இது உங்கள் நம்பரா என்று கேட்டார், ஆமாம் என்றேன், எழுதிக்கொண்டார். எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன்.

“அம்மா, ஓட்டுறவன் போனை எடுத்ததுதான் குத்தம். கூப்பிட்டதுக்கு எங்ககிட்ட சட்டம் இல்ல.”

எவ்வளவு வசதியாகப் போயிற்று! சட்டம் இல்லையென்றால் குற்றமும் இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன். மூடினால் பரவாயில்லை. மறுநாளே பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய், மீனம்மாவின் குடத்தைக் காலால் தள்ளி, “கொலைகாரனப் பெத்தவளுக்கு இங்க தண்ணி கெடையாது” என்றேன். நான் சொன்னதால் நீங்களும் அவளுக்குப் பக்கத்து நிரையை விட்டு நகர்ந்தீர்கள். அவளோடு பேச்சை விட்டீர்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தே சொன்னேன். அவள் குனிந்து குடத்தை எடுத்துக்கொண்டு, “சரி அத்த” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான்கு நாளைக்கு முன் மீனம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் தயாராக நின்றேன். அவள் சொன்னாள்:

“அத்த, திங்கக்கெழம கோர்ட்டுக்குப் போறோம். யாரு கூப்பிட்டதுன்னு கேட்டா ஒங்க பேரச் சொல்லமாட்டேன்னு லோஜன் சொல்லிட்டான். வயசான காலத்துல நீங்க பயந்துகிட்டு இருக்காதீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

தெரிந்திருக்கிறது! முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது! பீலியில் குடத்தை உதைத்தபோதும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் இந்தத் தோட்டமே என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. நல்லமுத்து ஒருத்தர்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். மீனம்மாவும் எனக்குத் திட்ட ஆளாக நின்றிருக்கிறாள். இந்த வயதில் இரண்டு பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். இரண்டு பேரையும் மிதித்துத்தான் பார்த்தேன்.

லோஜனை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஜீவராணி, உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், அப்படிக் கேட்கமாட்டேன். பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனை எடுத்தது குற்றம்தான். சட்டம் தருகிற தண்டனையை அவன் வாங்கட்டும், லைசன்ஸ் போகட்டும், மறியலில் அடைத்தாலும் கிடக்கட்டும். ஆனால் போனுக்கு இரண்டு முனை இருக்கிறது. ஒரு முனையை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு மறு முனை அடுப்படியில் குளிர் காயக்கூடாது. திங்கட்கிழமை மீனம்மாவோடு நானும் கோர்ட்டுக்குப் போகிறேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்த ஏழாவது நம்பர் என்னுடையது என்று நீதவான் ஐயா முன்னால் சொல்வேன். சார்ஜன்ட் ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜீவராணி, நீ என்னை மன்னிக்க வேண்டாம். எனக்கும் ஒருவரையும் மன்னித்துப் பழக்கமில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நல்லமுத்து மீது நான் வைத்திருந்த வன்மத்தை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். வெளியே போடமாட்டேன். இனி அதை என் பேரில் வைத்துக்கொள்கிறேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம். அது பத்திரமாக இருக்கும்.

மீனம்மா, முன்னால் வா. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார். அடியே, எழுந்து வா! வழி விடுங்கள் அவளுக்கு.

அன்பான மக்களே! சாரதி நல்லமுத்து அவர்கள் பள்ளிக்கூடத்தில் முடிக்காமல் விட்ட பேச்சை நாம் முடிப்போம். ஏழு பேர் அடித்தோம். நான் ஒருத்தி சொல்லிவிட்டேன். மற்ற ஆறு பேரும் இன்று என்னோடு மடுவத்துக்கு வந்தால் போதும், வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு வாளி தண்ணீரும் தேங்காய் மட்டையும் நான் கொண்டுவருகிறேன். சுவரில் இருக்கிற அந்த மூன்று நம்பரையும் தேய்த்து அழிப்போம். ஓட்டுகிறவன் போனை எடுத்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குவோம். ஓட்டுகிறவனை நாம் கூப்பிடவே மாட்டோம். இது மேடைக்காகச் சொல்வதல்ல. மீறினவர்களை நான் மறக்கமாட்டேன், அது உங்களுக்கே தெரியும்.

நாளைக்குப் பஸ் திரும்ப ஓடுகிறது. புதுச் சாரதி, ஹோர்ன் கணக்கை அழகன் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டான். இந்த டின்னை ஜீவராணி அவர் கையில் கொடுக்கப்போகிறாள். நாளைக்கு முன் சீட்டில் ஏறப்போவது நான். அந்தப் பேயை என் மடியில் வையுங்கள், இறங்குகிற வரைக்கும் மூடியைத் தொடமாட்டேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு மூன்றாம் முடக்கில் இரண்டு நீளமான ஹோர்ன் கேட்கும். கேட்டதும் இறங்குவோம். அதற்கு முன்னால் யாரும் யாரையும் எங்கே வருகிறாய் என்று கேட்க வேண்டாம். ரோட்டில் நிற்போம். மழை பெய்தால் நனைவோம்.